ஏரியைச் சுற்றி ஏழு மைல்

போன மாதம் என் மூத்த மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வரைபடம் கொண்டுவந்தாள். எங்கள் சித்தூர் ஜில்லாவின் படம். எல்லையைத் திருத்திய பிறகு புதிதாக அச்சடித்தது. தரையில் அதை விரித்துப் போட்டுக்கொண்டு, மர ஸ்கேலைத் திருப்பதிக்கும் நகரிக்கும் நடுவில் வைத்து, "அம்மா, ரொம்பக் கிட்டதாம்மா இருக்குது!" என்றாள். நான் ஸ்கேலை வெடுக்கென்று பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அது அவள் விரலில் பட்டுவிட்டது. அவள் அழவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டு யோசித்தேன். ஏழு வயதுக் குழந்தையிடம் காட்டுகிற கோபமா இது? யாரிடம் காட்டியிருக்க வேண்டுமோ அவர்களிடம், இவள் கைக்குழந்தையாக இருந்தபோது, நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோபம் இத்தனை வருஷம் எங்கேயோ இருந்து, இப்போது ஒரு குழந்தையின் விரலில் வந்து விழுகிறது. அதனால்தான் அப்போது எனக்குத் தெரிந்த ஒரு மில்காரியைப் பற்றி எழுதிவிட நினைக்கிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. தன் பெயர் எந்தக் காகிதத்தில் வருகிறது, அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவள் எதையும் விட்டதில்லை. அவளிடம் படித்துக் காட்டாமல் அவள் பெயரை எழுத எனக்கு உரிமையில்லை.

அப்போது என் கணவர் நகரிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் டைம் கீப்பர். ஆந்திரம் தனி மாநிலமாகியிருந்த புதிது. மில்லை ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் எங்களுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். அவள் மூன்று மைல் தள்ளி, திருத்தணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலைக்கு நடந்து வருவாள். ரீலிங் பகுதியில் வேலை. கதிர்களில் வருகிற நூலைச் சிட்டமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். நிலமில்லாத குடும்பம். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இவ்வளவும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. தன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அவள் என்னிடம் முதலில் பேசியது எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், துணி துவைக்கும் கல்லுக்கு அருகில். அந்த வழியாகத்தான் மில்லுக்குப் போவாள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். எல்லாவற்றுக்கும் பயம். போகிறவர்களையும் வருகிறவர்களையும் நிறுத்தி, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் "தோ, பக்கத்துலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"யாரு நடக்கறது? நீயா, நானா?"

"நான்தான்."

"இப்பயா, வலி எடுத்தப்பறமா?"

அவள் என் வயிற்றையும் பாதத்தையும் ஒரு முறை பார்த்தாள்.

"இப்ப நடந்தா ஒண்ணர மைலு. வலி எடுத்தப்பறம் நடந்தா மூணு. வண்டிக்காரனுக்கு இன்னிக்கே சொல்லி வெச்சிடும்மா."

சொல்லி வைத்தேன். வலி எடுத்த அன்று, வண்டியில் படுத்தபடி, மூன்று என்றது குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கணக்கில் மைல் இரண்டு வகை. ஒன்று கல்லு மைல். ரோட்டோரம் நட்டிருக்கிற கல்லைப் பார்த்துச் சொல்வது. இன்னொன்று சுமை மைல். தலையில் விறகுக் கட்டு இருந்தால் ஒரு மைல் கூடும். இடுப்பில் பிள்ளை இருந்தாலும் ஒன்று கூடும். வெறும் வயிறாக இருந்தால் எவ்வளவு கூடும் என்று கேட்டேன். "அத்த அளக்க முடியாதும்மா, அன்னன்னிக்கு மாறும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

எதையும் தன் உடம்பால் அளந்து பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. கடையில் உழக்கில் அரிசி போட்டால், கடைக்காரன் தலைதட்டுவதற்கு முன் தன் உள்ளங்கையை உழக்கின் மேல் ஒரு தடவை ஓட்டுவாள். மில்லில் மேஸ்திரி கொடுக்கும் சிட்டத்தைத் தூக்கிப் பார்த்ததும், "இதுல நாலு சுத்து கொறையுது" என்பாளாம். மேஸ்திரி கோபத்தோடு பிரித்து எண்ணச் சொல்வார். நாலு சுற்றுக் குறையும்.

"உன் கையில இன்னா தராசா வெச்சினு கீற?" என்று ஒரு நாள் கேட்டாராம்.

"தராச நீ சாச்சிப் புடிப்ப மேஸ்திரி. என் கைய எவன் சாச்சிப் புடிப்பான்?"

ரீலிங் முழுக்கச் சிரித்தது என்று என் கணவர் வந்து சொன்னார். அவரும் சிரித்தார். "ஆனா வாய் கொஞ்சம் நீளம்" என்றும் சேர்த்துக்கொண்டார். நானும் ஆமாம் என்றேன். அவர் சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிடுவது எனக்கு அப்போது பழக்கம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். தமிழ், தெலுங்கு, கொஞ்சம் இங்கிலீஷ் மூன்றும் வாசிப்பேன். புது மாநிலம் வந்ததிலிருந்து மில் வாசலில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள். வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். தெலுங்கு பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. அவளுக்கோ எந்த எழுத்தும் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவாள். படித்துச் சொன்னால் போதாது. அந்தச் சொல்லின் மேல் நான் விரலை வைக்க வேண்டும்.

"இங்கியா எழுதிக்கீது?"

"ஆமாம், இங்கேதான்."

அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆளின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது போல. பிறகு, தாகமென்று தண்ணீர் கேட்பாள். நான் சொம்பிலிருந்து அவள் கையில் ஊற்றுவேன். தம்ளரில் கொடுத்திருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று கொடுக்கவில்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவளை 'அக்கா' என்று கூப்பிட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இதெல்லாம் அன்றைக்கே எனக்கு உறுத்தியதா, இப்போது எழுதும்போதுதான் உறுத்துகிறதா, தெரியவில்லை.

குழந்தை பிறந்து ஐந்து மாதம் இருக்கும்போது மில் வாசலில் ஒரு பெரிய நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்துச் சொன்னேன். பஞ்சு வரவில்லை, கரண்டும் போதவில்லை, அதனால் ரீலிங் பகுதி கொஞ்ச காலம் ஓடாது. யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை, நிறுத்தி வைக்கிறோம். அப்படி நிறுத்தி வைத்த நாட்களுக்குச் சட்டப்படி அரைச் சம்பளம் உண்டு. ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு நேரில் வந்து பதிவேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். முதலாளிக்கு ஐந்து மைல் சுற்றுக்குள் வேறு தொழிற்சாலை இருந்து, அங்கே தற்காலிக வேலை கொடுத்தால் போக வேண்டும். மறுத்தால் அரைச் சம்பளம் கிடையாது.

"அஞ்சுக்கு மேல போனா?" என்று கேட்டாள்.

"போக வேண்டியதில்லை."

"எங்க எழுதிக்கீது?"

ஐந்து என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டாள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. எங்கள் பக்கத்தில் மைல் என்றால் நடக்கிற மைல்தான். வேறு மைல் ஒன்று உண்டு என்று படித்த எனக்கே தோன்றவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். மற்றவர்கள் நேரம் தவறி வருவார்கள், தலையைக்கூட வாராமல் வருவார்கள். அவள் வேலைக்கு வருவது போலவே, தலைமுடியில் பஞ்சு ஒட்டாமல் இருக்கக் கட்டுகிற துணியைக் கட்டிக்கொண்டு வருவாள். டைம் ஆபீஸ் ஜன்னலில் கட்டைவிரலை வைத்துவிட்டு மூன்று மைல் திரும்பி நடப்பாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைக்காரன் ஒரு நாள், நான் இருக்கும்போதே, "ஒரு வெரல வெச்சிட்டுச் சம்பளம் துன்றவங்கள இப்பதான் பாக்கறேன்" என்றான்.

அவள் உழக்கின் மேல் ஓட்டிய கையை எடுக்காமலே சொன்னாள். "வேலைய நிறுத்தினவன் அவன். கூப்புடற அன்னிக்கு ஓடியாரணும்னு இங்கியே நிக்கறவ நான். நிக்கறதுக்குத்தான் அரைக்கூலி. நீ கடைய மூடிட்டு, தெனம் வந்து என் வூட்டாண்ட நில்லு, உனுக்கும் தரேன்."

எனக்கு அப்போது அவள் பக்கம் பேச வரவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனசிலும் கடைக்காரன் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்யாமல் கூலியா என்று. மழை வந்து, இதெல்லாம் யாருடைய தந்திரம் என்று புரிகிறவரை ஓடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் மில்லுக்கு மேற்கே இருந்த பெரிய ஏரி நிரம்பியது. கோடையில் அந்த ஏரி வறண்டு கிடக்கும், அதன் நடுவே வண்டித்தடம் ஓடும். தண்ணீர் வந்துவிட்டால் தடம் இல்லை. கரையைச் சுற்றி ரோட்டு வழியாகத்தான் அக்கரைக்குப் போக வேண்டும். அக்கரையில் எங்கள் முதலாளிக்கு வேர்க்கடலை உடைக்கிற மில் ஒன்று இருந்தது. ஏரி நிரம்பிய பிறகு ஒரு நாள் என் கணவர் ஆபீஸ் வேலையாக அங்கே சைக்கிளில் போய்விட்டு, கால்முட்டிவரை சேற்றோடு திரும்பினார். "முழுசா ஏழு மைல்! நாய்கூட நடக்காது" என்று வாசலிலேயே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். நான்தான் சுடுதண்ணீர் ஊற்றினேன். என் காதால் கேட்டது இது.

அடுத்த வாரம் பன்னிரண்டு பெண்களுக்கு உத்தரவு வந்தது. கடலை மில்லில் தற்காலிக வேலை, சொத்தைப் பருப்புப் பொறுக்க வேண்டும், முழுச் சம்பளம். பன்னிரண்டு பேரும் கிழக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். அக்கரையிலேயே வீடு உள்ள ரீலிங் பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியையும் கூப்பிடவில்லை. இதை நான் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், எப்படி யோசித்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. வேலை செய்ய ஆள் தேவைப்பட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். மறுக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

அவளுக்கு அது மூன்றும் ஏழும் பத்து மைல். போக வரத் தினம் இருபது. காலையில் அந்த ரோட்டில் பஸ் கிடையாது.

வர முடியாதவர்கள் ஒரு தெலுங்குக் காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். பதினொரு பேர் வரிசையில் நின்று வைத்துவிட்டுப் போனார்கள். அவள் காகிதத்தை வாங்கி மடித்து, எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்தாள். நான் படித்தேன். 'இந்த வேலையை என் விருப்பத்தால் மறுக்கிறேன். இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.'

"போட்டுடு" என்றேன். "போனா அரைச் சம்பளம்தானே போகும். எதுக்கு வம்பு?"

"கோரிக்கை இல்லைன்னா?"

"இனிமேல் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். சும்மா எல்லாக் காகிதத்திலும் எழுதுகிறதுதான்."

"கேக்கறதுக்குத்தானேம்மா தெனம் வந்துக்கினு கீறேன்" என்றாள். பிறகு, "நான் வேலைய வேணாங்கல. தூரத்த வேணாங்கறேன். அத்த எங்க எழுதிக்கீது, காட்டு" என்றாள்.

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. என் விரலுக்குப் போக இடமில்லை.

அவள் நேராக டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய்விட்டாள். நான் குழந்தையோடு பின்னாலேயே போனேன். உள்ளே என் கணவர். பதிவேட்டில் சம்மதம், மறுப்பு என்று இரண்டே கட்டங்கள்.

"ஏழு மைலுன்னு எழுது சாமி. அதுக்குக் கீழ வெரலு வெக்கறேன்."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"கட்டம் நீங்கதானே போட்டீங்கோ? இன்னொண்ணு போடுங்கோ."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில், கைநாட்டு இல்லாமலே, மறுப்பு என்ற கட்டத்தில் அவர் ஒரு கோடு போட்டார். அந்த வாரமே அவளுடைய அரைச் சம்பளம் நின்றது.

அவளுக்காக நான் ஒரு மனு எழுதினேன். இதையாவது செய்தேன். சித்தூரில் இருந்த தொழிலாளர் அதிகாரிக்கு, ரோடு ஏழு மைல், விதி ஐந்து மைல் என்று, தெலுங்கில் தெளிவாக எழுதிப் படித்துக் காட்டினேன். ஏழு என்ற எண்ணின் மேல் விரல் வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நான் சுமையச் சேக்கல பாரு. கல்லு மைலுதான் சொல்லிக்கீறேன். அப்பறம் பொய்யின்னுடப் போறாங்கோ" என்றாள். அவள் வீட்டில் அப்போது என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் பெரிய பெண் வயல்வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அரைச் சம்பளம் நின்ற பிறகும் அவள் தினமும் பத்து மணிக்கு வந்து ஜன்னலில் நின்றாள். ஒரு நாள் வராவிட்டால், வரவில்லை என்று எழுதிவிடுவார்கள் அல்லவா?

அதிகாரி வரப்போகிற தகவல் வந்தது. வருகிற அன்று காலை என் கணவர் சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார். "என்னைக் கேட்டா சொல்லிடப் போறேன். ஏழு மைல்தானே? நான் போய் வந்த ரோடு."

குழந்தைக்கு முதல் நாள் காய்ச்சல் கண்டிருந்தது. மடியில் கிடந்தது. எனக்கு அந்த வீடு, அந்தச் சம்பளம், ஆஸ்பத்திரி, வண்டி எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தது.

"ஏங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மேனேஜர் பக்கத்துலயே உக்காந்திருப்பார். மனு இருக்குது, அவளும் இருக்கா, பாத்துப்பா. இந்தக் குழந்தைய நெனைச்சுப் பாருங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மதியம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது, மில் முற்றத்தில் மேஜை போட்டு விசாரணை நடந்துகொண்டிருந்தது. புங்க மரத்தடியில் நின்று பார்த்தேன்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் மேஜை மேல் தாலுக்கா படத்தை விரித்து, ஸ்கேலை எடுத்து, அதன் ஒரு முனையை எங்கள் மில்லின் மேல் வைத்து, கடலை மில்வரை எத்தனை என்று பார்த்தார்.

"நாலே முக்கால் மைல். சூடம்மா, இங்க பாரு, ரூல்ல ரோட்டுக் கணக்கு இல்ல. சுத்துன்னா நேர்க்கோடு. இங்கேந்து அங்க, ஒரே கோடு."

அவள் மேஜையருகே வந்து, குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"இந்தப் படத்துல ஏரி கீதா சாமி?"

"இருக்கு. இதோ, நீலமா."

"அப்ப அந்தக் கட்டைய தண்ணி மேல வெச்சிக்கினு கீறீங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் லேசாகச் சிரித்துவிட்டார். "நான் என்னம்மா பண்றது, ரூல் அப்படி" என்றார்.

"அந்தக் கோட்டு மேல நீங்க நடங்க சாமி. பின்னாலயே நான் வரேன். இப்பவே வரேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். ரோடு உண்மையிலேயே ரொம்பச் சுற்று என்றால் ஒரு குறிப்பாவது எழுதி மேலே அனுப்பலாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பினார்.

"டைம் கீப்பர்காரு, நீங்க அந்த ரோட்ல போயிருக்கீங்களா? எவ்வளவு இருக்கும்?"

என் கணவர் தலையைத் தூக்கினார். மரத்தடியில் என்னைப் பார்த்தார். என் இடுப்பில் குழந்தை.

"நான் அளந்ததில்ல சார்" என்றார்.

அதிகாரி படத்தை மடித்தார். அவ்வளவுதான் விசாரணை. ஒரு ஏரியை நீலமாகத் தீட்டத் தெரிகிறவர்களுக்கு, அதன் மேல் நடக்க முடியாது என்று ஒரு வரி எழுதத் தெரியாதா? சட்டம் எழுதியவர்கள் யாராவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேலைக்கு நடந்து போயிருப்பார்களா? இதை அன்றைக்கு முற்றத்தில் நின்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெலுங்கும் தெரியும், ஏழு மைல் என்பதும் தெரியும். கையில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு நின்றேன். மாலையில் அந்தக் கேரியர் தொடாமல் அப்படியே வீடு திரும்பியது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவள் போகும்போது எங்கள் பின்பக்கம் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்க வூட்டுக்காரரு அளந்ததில்லன்னாரு. மெய்தான். சைக்கிள்ல போனவருக்கு எப்டித் தெரியும்?" என்றாள். சேற்றோடு வந்த அன்று அவர் வாசலில் சொன்னது, அந்த வழியாகப் போன அவள் காதிலும் விழுந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

தை பிறந்து மில் ஓடியது. வாசலில் ரீலிங் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். கைநாட்டு வைத்த பதினொரு பேரின் பெயரும் அதில் இல்லை. கோரிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம், அதனால் வேலையை விட்டுவிட்டதாக அர்த்தமாம். 'சும்மா எழுதுகிறதுதான்' என்று நான் சொன்ன அதே வரி. அவர்களை மில் வாசலில் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. நான் அவர்களுக்கு ஒன்றும் படித்துச் சொல்லவில்லை. ஆனால் கேட்டிருந்தால் இவளுக்குச் சொன்னதைத்தானே சொல்லியிருப்பேன்? அவள் பெயர் மட்டும் இருந்தது. மறுப்பு என்ற கோட்டுக்குக் கீழே கைநாட்டு இல்லாததால், அவளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஏழு வாரத்து அரைச் சம்பளம் போனது போனதுதான்.

பட்டியலை அவளுக்கு நான் படிக்கவில்லை. வேறு யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் அங்கே இருந்தோம். தினமும் அந்தத் துவைக்கும் கல்லைத் தாண்டித்தான் போவாள், "புள்ள நல்லா கீதாம்மா?" என்று கேட்பாள். ஆனால் ஒரு காகிதத்தைக்கூட என்னிடம் மறுபடி கொண்டுவந்ததில்லை.

பிறகு என் கணவருக்குத் திருப்பதியில் ஒரு லாரி ஆபீஸில் வேலை கிடைத்து வந்துவிட்டோம். போன வருஷம் எல்லையைப் பிரித்தபோது அவள் ஊர் மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது, மில் ஆந்திரத்திலேயே நின்றது. தினமும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்கு நடக்கிறாளாம். பழைய பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது சொன்னாள். "கோடு போட்டாங்களாமே, எங்க போட்டாங்கோ? தெனம் நடக்கறேன், கால்ல ஒண்ணும் தட்டலியே" என்று கேட்டாளாம்.

வரைபடத்தின் மேல் ஸ்கேலைப் பார்த்த மறுவாரம், மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, பத்து மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு நகரிக்கு பஸ் ஏறினேன். மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தது. மில் வாசலிலிருந்து கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்றாவது கல்லில் பையன் அழுதான், உட்கார்ந்து பால் கொடுத்தேன். ஐந்தாவது கல்லில், சட்டத்தின் ஐந்து மைல் முடிந்த இடத்தில், எதிரே தண்ணீர்தான் தெரிந்தது. கடலை மில்லை அடைந்தபோது ஏழு மைலும் ஒரு பர்லாங்கும். இதற்கு எதற்கு இத்தனை வருஷம் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. திரும்பி வர ஒரு கட்டைவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

மாலை மில் சங்கு ஊதியது. பெண்கள் வெளியே வந்தார்கள். தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே அவளும் வந்தாள். முன்பக்க முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அக்கா, நான் நடந்து பாத்தேன்" என்றேன். "ஏரியச் சுத்தி. ஏழு மைல் ஒரு பர்லாங்கு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தாள்.

"இவனத் தூக்கிக்கினா நடந்த?"

"ஆமாம்."

"அப்ப எட்டு" என்று சொல்லிவிட்டு, தன் மூன்று மைலை நடக்கத் தொடங்கினாள்.